நம்பிக்கையைப் பகிர்தலும் அதற்கான ஜெபமும்: எல்லைப்புறச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையில், களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடைப்பட்ட வீடுகளில் புதன்கிழமை மாலை ஜெபம் நடத்தும் பொறுப்பைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஜெபம் முடிந்து, பால் சேர்க்காத கட்டன்சாயா வரும் நேரத்தில்தான் மனத்தில் இருக்கிற கேள்விகள் வெளியே வரும். வீடு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை என்பதைக் கண்ட பிறகு, கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதிவைத்து, என்னால் இயன்ற பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

பதில்களில் பெரும்பகுதி, பவுல் கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் 2 முதல் 6 வரையுள்ள வசனங்களைச் சார்ந்தது. சிறையில் இருக்கும் பவுல், இடைவிடாமல் ஜெபிக்கும்படி சபையாரைக் கேட்டுக்கொள்கிறார். வசனம் செல்வதற்கு ஒரு வாசல் திறக்கவும், தாம் பேசவேண்டிய விதத்தில் பேசி அதை வெளிப்படுத்தவும் தமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். பிறகு, சபைக்கு வெளியே இருப்பவர்களிடம் ஞானமாய் நடக்கவும், பேச்சு கிருபையுள்ளதாயும் உப்பால் சாரமேறியதாயும் இருக்கவும் கற்பிக்கிறார்.

சுவிசேஷம் சொல்வது போதகரின் வேலைதானே? எங்களைப் போன்றவர்கள் ஏன் அதில் தலையிட வேண்டும்?

மேலே சொன்ன வசனங்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். பேசுவதற்காக ஜெபம் கேட்பவர் அப்போஸ்தலர். அந்த ஜெபத்தைச் செய்யவேண்டியவர்கள் சபையின் சாதாரண மக்கள். அடுத்த மூச்சிலேயே, அவனவனுக்கு எப்படிப் பதில் சொல்வதென்று அறிந்திருக்கவேண்டியவர்களும் அந்தச் சாதாரண மக்களே என்று சொல்லிவிடுகிறார். போதகர் ஞாயிறு காலையில் பிரசங்க பீடத்திலிருந்து பேசுவதைக் கேட்பவர்கள் ஏற்கெனவே ஆலயத்துக்குள் வந்தவர்கள். ரப்பர் தோட்டத்தில் உங்களோடு விடியுமுன் பால் வெட்டப் போகிறவரும், பேருந்தில் தினமும் பக்கத்தில் உட்காருகிற ஆசிரியையும் கேள்வி கேட்டால், அங்கே பதில் சொல்ல இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

முதலில் ஜெபமா, முதலில் பேச்சா?

ஜெபம். பேசத் தொடங்கியபின் ஜெபத்தை விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒருவருக்காகச் சில வாரங்கள் பெயர் சொல்லி ஜெபித்தபின் அவரைச் சந்தித்தால், அவரை எப்படியாவது வாதத்தில் வெல்லவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் குறைந்திருப்பதை நாமே உணரலாம். அவருடைய மகளின் தேர்வும், அவருடைய முழங்கால் வலியும் நம் நினைவில் இருக்கும். அதனால் நம் பேச்சு அவரிடமிருந்து தொடங்கும்.

"ஆண்டவரே, ஆத்துமாக்களைத் தாரும்" என்று பொதுவாக ஜெபித்தால் போதாதா?

அந்த ஜெபத்தில் தவறு இல்லை. ஆனால் அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. பவுல் கேட்டுக்கொண்டவை திட்டமானவை. முதலாவது, வாசல் திறக்கப்பட வேண்டும். சிறையில் இருந்தவர் சிறைக்கதவு திறக்கும்படி ஜெபியுங்கள் என்று இந்த இடத்தில் கேட்காமல், வசனத்துக்கு வாசல் திறக்கும்படி கேட்டிருக்கிறார் என்பதை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் நான் வியப்போடு நினைக்கிறேன். இரண்டாவது, தமக்குத் தெளிவு கிடைக்க வேண்டும். கமாலியேலிடம் கற்றவர், பல நாடுகளில் பேசிப் பழகியவர், தெளிவாகப் பேசுவதற்கு மற்றவர்களின் ஜெபம் தமக்குத் தேவை என்று எழுதுகிறார். நாம் அந்தத் தேவையை உணர்வதே அரிது.

நடைமுறையில், ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் மூன்று அல்லது நான்கு பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் இப்போது சுமக்கிற கவலை எது, அவரிடம் பேச எனக்குத் தடையாக இருப்பது என் பயமா, என் கோபமா, அவரோடுள்ள பழைய வரப்புத் தகராறா என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது வரிக்காகத்தான் நாம் அதிகமாக ஜெபிக்கவேண்டியிருக்கும். ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதற்கு நாம் சொல்லும் "ஆத்தும ஆதாயம்" என்ற சபைச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆதாயம் என்றால் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் என்றே வெளியே இருப்பவர் புரிந்துகொள்வார். தம்மை ஒருவர் ஆதாயமாகக் கணக்கிடுகிறார் என்று தெரிந்தால் யார் வாசலைத் திறந்து வைப்பார்கள்?

எனக்கு நீளமாக, அழகாக ஜெபிக்க வராது. என்ன செய்வது?

வரவேண்டியதில்லை. இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் நின்ற ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) ஒரே வாக்கியம் ஜெபித்து, நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான். வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதும் நமக்கே. இன்ன பெயருள்ளவருக்கு இன்றைக்கு உதவும் என்று பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொல்வதும் ஜெபம்தான்.

நான் தெளிவாகத்தான் சொல்கிறேன். அவர்களுக்குப் புரியாவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியை நான் அதிகமுறை கேட்டிருக்கிறேன். முன்பு நானே கேட்டும் இருக்கிறேன். நாம் தெளிவாகச் சொல்வதாக நினைக்கிற பல சொற்கள், ஆலயத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு மட்டுமே தெளிவானவை. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். "நான் மறுபடியும் பிறந்தவன்" என்று சொன்னால், கோயிலுக்குப் போகும் நண்பர் மறுபிறவியை நினைப்பார். போன பிறவியில் என்னவாக இருந்தீர்கள் என்று அவர் கேட்டால் அது கேலியாகாது, நாம் சொன்னதற்கு நேரான கேள்வியே. "அபிஷேகம் பெற்றேன்" என்றால் பாலும் சந்தனமும் கொண்டு மூர்த்திக்குச் செய்யும் திருமுழுக்காட்டு அவர் கண்முன் வரும். "ஆவியில் நிறைந்தேன்" என்றால் பேய் பிடித்ததோ என்று ஒரு பாட்டி உண்மையாகவே அஞ்சினார். "ஜெபம்" என்ற சொல்கூட, ஒரு மந்திரத்தை உருவேற்றி நூற்றெட்டு முறை சொல்வதையே பலருக்கு உணர்த்துகிறது. நாம் கடவுளோடு பிள்ளையைப் போலப் பேசுகிறோம் என்பது அந்தச் சொல்லில் அவர்களுக்குக் கேட்பதில்லை.

இதைவிட ஆழமான ஓர் எடுத்துக்காட்டு நம் வேதாகமத்திலேயே இருக்கிறது. அவனவனுக்கு இன்னின்னபடி "உத்தரவு சொல்லவேண்டும்" என்று கொலோசெயர் 4:6இலும், விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் "உத்தரவு சொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்று 1 பேதுரு 3:15இலும் நாம் வாசிக்கிறோம். அந்த மொழிபெயர்ப்பு செய்யப்பட்ட காலத்தில் உத்தரவு என்பதற்குப் பதில், மறுமொழி என்ற பொருள் வழக்கில் இருந்தது. இன்றைக்கு உத்தரவு என்றால் மேலதிகாரி இடுகிற கட்டளை. பதில் சொல்லும்படி எழுதப்பட்ட வசனத்தை, கட்டளையிடும்படி எழுதப்பட்டதாகப் படித்துக்கொண்டு போய் அப்படியே பேசுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தெளிவைப் பற்றிய வசனமே ஒரு சொல் பழமையானதால் தெளிவிழந்து நிற்கிறது என்றால், நம் சொந்தப் பேச்சைப் பற்றி நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

நான் கைக்கொள்ளும் வழி இது. பேசி முடித்தபின், "நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் பட்டது? உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று பணிவாகக் கேட்கிறேன். அவர் திருப்பிச் சொல்வதுதான் நான் உண்மையில் சொன்னது. முதல்முறை அப்படிக் கேட்டபோது மனம் உடைந்துவிட்டது; ஆனால் அதற்குப் பிறகுதான் நான் கற்கத் தொடங்கினேன்.

அப்படியானால் இரட்சிப்பு, கிருபை, விசுவாசம் என்ற சொற்களையே விட்டுவிடச் சொல்கிறீர்களா?

இல்லை. அவற்றை விளக்காமல் பயன்படுத்துவதை விடச் சொல்கிறேன். கிருபை என்பதை, கடன்பட்டவன் செலுத்தமுடியாமல் நிற்கும்போது கடன் கொடுத்தவரே பத்திரத்தைக் கிழித்துவிடுவது போன்றது என்று ஒருமுறை விளக்கிவிட்டால், பிறகு அந்தச் சொல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் வட்டிக்கு வாங்கியவர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் அது யாருக்கும் புரியாமல் போகாது.

சரியான சொல்லைத் தேடும் இந்த உழைப்பு நம் கரையில் மிகப் பழையது. 1540களில் முத்துக்குளித்துறையிலும் திருவிதாங்கூர்க் கடற்கரையிலும் ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் "வேணும்" என்ற சொல் வந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டு "விசுவாசம்" என்ற சொல்லை வைக்கும்படி தம் உடன் ஊழியர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதினார். வேணும் என்பது கடவுளை விரும்புவதைச் சொல்கிறது, நம்புவதைச் சொல்லவில்லை என்பது அவர் கண்ட வேறுபாடு. தமிழ் சரியாகப் பேச வராத ஒருவர், மக்கள் மனப்பாடம் செய்து சொல்லும் ஜெபத்தில் ஒரு சொல் பிசகியிருப்பதைக் கேட்டு விசாரித்துத் திருத்தியிருக்கிறார். தாய்மொழியாகவே தமிழைக் கொண்ட நமக்கு இதில் சாக்கு எதுவும் கிடையாது.

சபைகளுக்கிடையிலும் இந்தக் கவனம் தேவை. 1871இன் ஒன்றிய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவர் தேவன், இரட்சிப்பு, ஞானஸ்நானம் என்பார். 1995இன் பொது மொழிபெயர்ப்பைப் படித்தவர் கடவுள், மீட்பு, திருமுழுக்கு என்பார். இவை ஒன்றுக்கொன்று ஈடானவை என்பது எளிதில் புரிந்துவிடும். புரியாமல் குழப்புவது நம்பிக்கை என்ற சொல். "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று முதலாவதில் வருவது, "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று இரண்டாவதில் வருகிறது. ஆகவே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரரும் கத்தோலிக்கரும் நம்பிக்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கூடும்.

பாறசாலைப் பக்கம் மலையாளக்காரர்களிடம் நம் தமிழிலேயே பேசினால் போதாதா? எல்லாம் ஒரே மாதிரிதானே?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்தன, பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆனால் உறவுகளும் சபைகளும் பேச்சும் எல்லைக்கோட்டைப் பார்த்துப் பிரிந்துவிடவில்லை. நாம் வெள்ளம் குடிக்கிறோம், சாயா குடிக்கிறோம், பக்கத்து வீட்டம்மாவைச் சேச்சி என்கிறோம். ஆகவே எல்லாம் புரிந்துவிடும் என்ற தைரியம் நமக்கு அதிகம். அன்றாடக் காரியங்களில் அந்தத் தைரியம் தவறில்லை. சுவிசேஷத்தின் மையச் சொற்களில்தான் அது நம்மைக் கைவிடுகிறது.

பாவம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் அது குற்றத்தையும் குறிக்கும், "ஐயோ பாவம்" என்னும் இரக்கத்தையும் குறிக்கும். மலையாளத்தில் குற்றத்துக்குப் பாபம் என்ற தனிச் சொல் உண்டு. பாவம் என்றால் ஒன்றும் அறியாத சாது, இரங்கத்தக்கவர் என்று மட்டுமே பொருள். ஆகவே ஒரு சகோதரர் மனமுருகி "நான் பாவமாக இருந்தேன்" என்று சொன்னபோது, கேட்ட மலையாள அம்மையார் அவர் ஒரு அப்பாவியாக இருந்தார் என்று எடுத்துக்கொண்டு பரிவோடு தலையசைத்தார். தம் குற்றத்தை அறிக்கையிட்டவர், தம் நல்லகுணத்துக்குச் சாட்சி சொன்னவராகிவிட்டார். பாவி என்ற சொல்லும் அப்படித்தான். அந்தக் காதுக்கு அது வருங்காலத்தைக் குறிக்கும் பாவி என்ற அவர்களுடைய சொல்லுக்கு மிக அருகில் ஒலிக்கிறது.

"இது அவசரமான காரியம்" என்று நாம் சொன்னால், அவர்களுக்கு அவசரம் என்பது வாய்ப்பு. "சம்சாரத்தோடு வந்தேன்" என்றால் அவர்களுக்குச் சம்சாரம் என்பது பேச்சு. உத்தரவு என்பது அங்கேயும் கட்டளைதான். பதிலுக்கு உத்தரம் என்பார்கள். இவற்றுக்கு நேர்மாறாக, உதவி செய்யும் சொற்களும் உண்டு. பள்ளிக்கூட விண்ணப்பத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திடும் இடத்தில் ரக்ஷிதாவு என்று எழுதியிருப்பார்கள். இரட்சகர் என்பதை விளக்க அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை: பிள்ளைக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறவர்.

எதிரே இருப்பவரின் மொழி நன்றாக வராவிட்டால், மெதுவாகவும் சிறு வாக்கியங்களிலும் பேசுங்கள், சந்தேகமான சொல்லை அவரிடமே கேளுங்கள். "இதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள், சேச்சி?" என்று கேட்டதால் எந்த உரையாடலும் கெட்டதாக எனக்கு நினைவில்லை.

என் சாட்சியைச் சொல்லத் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. சுருக்கினால் ஆண்டவருக்கு மகிமை குறையுமா?

குறையாது. சமாரியப் பெண் தன் ஊராரிடம் சொன்னது இரண்டு வாக்கியம்; அவர்கள் புறப்பட்டு வந்தார்கள். முன்பு எப்படி இருந்தேன், கிறிஸ்துவை எப்படி அறிந்தேன், இப்போது எதற்காகப் போராடுகிறேன் என்பதை ஐந்து நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்கிற சாட்சி, உங்களை அன்றாடம் பார்க்கிற பக்கத்து வீட்டாருக்கு நம்பத்தக்கதாக இராது. பழைய பாவங்களைக் கூட்டிச் சொல்வதும், சுகமான நோயைப் பெரிதாக்கிச் சொல்வதும் பொய். பொய்யினால் சத்தியத்துக்கு உதவி செய்ய முடியாது.

"எல்லா நதியும் கடலில்தானே சேர்கிறது" என்று நண்பர் சொல்லிவிடுகிறார். அதற்குமேல் பேச்சே ஓடுவதில்லை.

அந்த வாக்கியத்தை அவர் பெரும்பாலும் அன்பினால் சொல்கிறார்; நம்மோடு சண்டை வேண்டாம் என்பதே அதன் உட்பொருள். அந்த அன்புக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு, "உங்களுக்கு அந்தக் கடல் எப்படிப்பட்டது? அதில் சேர்வது என்றால் என்ன?" என்று கேட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பவுல் ஏதென்ஸில் பேசத் தொடங்குமுன் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அவர்களுடைய பலிபீடத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். அவர்களுடைய புலவர்களின் வரியையே மேற்கோள் காட்டினார். ஆனால் உயிர்த்தெழுதலைச் சொல்லாமல் விட்டுவிடவில்லை. சிலர் இகழ்ந்தபோதும் அதை மழுப்பவில்லை.

ஆகவே உங்கள் முறை வரும்போது, நம் நம்பிக்கை எங்கே வேறுபடுகிறது என்பதை மரியாதையோடும் ஒளிக்காமலும் சொல்லுங்கள்: மனிதன் கடவுளைத் தேடிப் போவதைவிட, கடவுள் மனிதனைத் தேடி வந்து சிலுவையில் மரித்தார் என்பதே நம் செய்தியின் இதயம். அவதாரம் என்ற சொல்லை இங்கே தனியாக விட்டுவிட்டால், பலவற்றுள் ஒன்று என்று அவர் எடுத்துக்கொள்வார். ஒரே ஒரு முறை, ஒரே ஒருவராக என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அவர் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?

"எனக்குத் தெரியவில்லை, விசாரித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் மறக்காமல் சொல்லுங்கள்.

நோயாளி வீட்டுக்குப் போனால் சுகம் கிடைக்கும் என்று உறுதி சொல்லி ஜெபிக்கலாமா?

ஜெபிக்கலாம், ஆனால் முதலில் அனுமதி கேளுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்ற கேள்வியை மறுப்பவர்கள் மிகக் குறைவு. மறுத்தால் மனத்துக்குள் ஜெபித்துவிட்டு, வாங்கிப்போன பழத்தைக் கொடுத்து வாருங்கள். சுகம் கிடைத்தே தீரும் என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. பவுலுக்கே மாம்சத்தில் இருந்த முள் எடுக்கப்படவில்லை. மருந்தை நிறுத்துங்கள் என்று சொல்வது கொடிய தவறு. 1838இலேயே நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரிகளின் வழியில் வந்த சபைகளுக்கு அப்படிச் சொல்லும் வாய் எங்கிருந்து வந்தது என்று எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. உடல்நலத்துக்காகச் செய்த ஜெபத்தை, சுகமானபின் ஆலயத்துக்கு வரவேண்டும் என்ற கடனாக மாற்றுவதும் கூடாது.

துன்பத்தில் இருப்பவரிடம் என்ன பேசுவது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையில் தளபதியான, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த டிலனாய், குடும்பத்திலும் உடைமையிலும் இழப்பு வந்து கலங்கியிருந்த நீலகண்ட பிள்ளையிடம் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது தேவசகாயம் பிள்ளையின் வாழ்க்கை வரலாறு. நட்டாலத்துக்காரரான நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்; 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். நான் இதில் கவனிப்பது, டிலனாய் தேர்ந்தெடுத்த பகுதி. போன செல்வமெல்லாம் திரும்பிவிடும் என்று அவர் ஆறுதல் சொல்லியிருக்கலாம். நல்லவனுக்கு ஏன் துன்பம் வருகிறது என்று அழுதுகொண்டே கடவுளிடம் கேட்ட ஒரு மனிதனின் கதையை, அதே கேள்வியோடு முன்னால் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னார். கேட்டவரின் கேள்விக்கு உரிய பதில் அது. உப்பால் சாரமேறிய பேச்சு என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஒலிபெருக்கி வைத்துத் தெருவில் கன்வென்ஷன் நடத்தினால் ஒரே நாளில் ஆயிரம் பேர் கேட்பார்களே?

காதில் விழுவதும் கேட்பதும் வேறு. முறையாக அனுமதி பெற்று, நேரத்துக்குள் முடித்து, தேர்வுக் காலத்தையும் பக்கத்தில் நோயாளி இருப்பதையும் மனத்தில் வைத்து நடத்தும் கூட்டங்களால் பயன் உண்டு. ஆனால் ஒலிபெருக்கியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. புரிந்ததா என்று கேட்டுத் திருத்திக்கொள்வதைப் பற்றி மேலே சொன்னது எதையும் அங்கே செய்ய இயலாது.

மதமாற்றம் செய்கிறார்கள் என்று யாராவது புகார் கொடுத்தால் என்ன செய்வது? சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், மக்களின் உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மனச்சான்றின் சுதந்திரத்தையும், ஒரு மதத்தை ஏற்று, கடைப்பிடித்து, பரப்பும் உரிமையையும் எல்லாருக்கும் தருகிறது. பரப்புதல் என்பது கோட்பாட்டை எடுத்துரைத்து விளக்குவதாகும், மற்றொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002இல் கொண்டுவரப்பட்டு 2004இல் நீக்கப்பட்டது. சட்டம் இவ்வளவு என்றாலும், புகார் வந்தால் தனியாகப் போய் வாதிடாமல், சபைப் பொறுப்பாளரையும் ஒரு வழக்கறிஞரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்துக்கு அப்பால் என் மனத்தில் இருப்பதையும் சொல்கிறேன். வேலை வாங்கித் தருகிறேன், கடன் அடைக்கிறேன், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தருகிறேன் என்று சொல்லி ஒருவரை ஆலயத்துக்கு அழைப்பது, சட்டம் தடுக்காத இடத்திலும் நமக்குத் தடுக்கப்பட்டதே. உதவி செய்யுங்கள், கைம்மாறு கேட்காதீர்கள். மனிதரின் உள்ளத்தை மாற்றுவது நம் வேலை என்று நினைப்பவர்தான் இப்படிப்பட்ட குறுக்கு வழிகளைத் தேடுவார். அதைக் கடவுளிடம் விட்டு ஜெபிக்கிறவருக்கு அவற்றின் தேவை எழாது.

"உங்கள் சபையிலேயே ஜாதி இருக்கிறதே, எங்களிடம் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்டால்?

இந்தக் கேள்விக்கு முன்னால் நான் பலமுறை தலைகுனிந்திருக்கிறேன். இங்கே தெளிவான பேச்சு என்பது, இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான். திருமணப் பேச்சிலும் சபைத் தேர்தலிலும் ஜாதி எப்படி நடமாடுகிறது என்பது கேட்கிறவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தோள்சீலைப் போராட்டத்தையும், 1859இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அறிவித்ததையும், அதில் மிஷனரிகளின் பங்கையும் உடனே எடுத்துச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்போம். அந்த வரலாறு உண்மையானது, நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆனால் அவர் நம்மைக் கேட்பது இன்றைய கேள்வி. நம் பாட்டனாரின் விடுதலையைக் காட்டி நம் சொந்தப் பெருமையை மறைக்க முடியாது.

"நீங்கள் சொல்வது உண்மை, அது கிறிஸ்துவுக்கு விரோதமானது, என் வீட்டில் நான் இன்னின்னதை மாற்ற முயல்கிறேன்" என்று சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களிடம் ஒன்றுமில்லையென்றால், அவருக்காகச் செய்யும் ஜெபத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து உங்களுக்காக ஜெபியுங்கள். நோட்டுப் புத்தகத்தின் இரண்டாவது வரியைப் பற்றி முன்பு சொன்னேனே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வீட்டில் என் கணவரே கேட்பதில்லை. நான் வெளியே போய் யாரிடம் பேச முடியும்?

அவரிடம் போதுமான அளவு பேசியாகிவிட்டது என்றே நினைக்கிறேன், அக்கா. வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவர்கள், போதனையின்றி, மனைவிகளின் நடக்கையினாலே ஆதாயப்படுத்தப்படலாம் என்று பேதுரு எழுதுகிறார். ஆதாயம் என்ற சொல் இங்கும் வந்துவிட்டது. வேதத்தில் அது விலைமதிப்புள்ள ஒருவரைத் திரும்பப் பெறுவது என்ற பொருளில் வருகிறது. குடும்ப ஜெபத்தில் அவரைப் பற்றி அவர் காதில் விழும்படி ஜெபிப்பதை நிறுத்துங்கள். அது கடவுளிடம் பேசுவதுபோல் அவரிடம் பேசுவது. அவருக்கும் அது தெரியும்.

"இனிமேல் என்னிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று நண்பர் சொல்லிவிட்டார். ஜெபத்தையும் நிறுத்திவிடுவதா?

பேச்சை நிறுத்திவிடுங்கள். வேறு ஒருவரை அனுப்புவதும், கைப்பிரதியை அவர் வண்டியில் செருகுவதும், வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதும் பேச்சுத்தான், அவற்றையும் நிறுத்துங்கள். திறக்காத வாசலைத் தள்ளிப் பார்க்கும்படி பவுல் நம்மிடம் கேட்கவில்லை. ஜெபத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் அதை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, இன்னாருடைய மனக்கடினம் நீங்க ஜெபியுங்கள் என்று விண்ணப்பம் கொடுத்தால், களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்று முடிவதற்குள் அது அவர் காதுக்குப் போய்விடும். ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் வம்பு பேசப்படுவதை நான் வருத்தத்தோடு பலமுறை கேட்டிருக்கிறேன்.

பேச வேண்டாம் என்று அவர் சொன்னது இந்த ஒரு காரியத்தைப் பற்றி மட்டும். அவர் மகனின் கல்யாணத்துக்கு முதல் நாளே போய் அடுப்படியில் நிற்கலாம். நேந்திரன் குலை வெட்டினால் ஒரு சீப்பு கொடுத்தனுப்பலாம். காலையில் வேலிக்கு அப்பால் அவரைப் பார்க்கும்போது, தேங்காய் பறிக்க ஆள் கிடைத்ததா என்று கேட்கலாம்.